கூப்பிட்டுக் காட்டுகிற அக்கா

“…கையைப் பேந்து கழுவலாம் தம்பி, மா காய்ஞ்சால் உலகம் அழிஞ்சு போகுமே? அது நிக்காது, பறந்திடும், முதல் வெளியிலை வாங்கோ!”

நான் கதவைத் திறந்தபோது அவர் வசனத்தின் பாதி படிக்கட்டிலேயே முடிந்துபோயிருந்தது. கீழ் வீட்டு அக்கா அப்படித்தான். படியேறும்போதே சொல்லத் தொடங்கிவிடுவார். கதவு திறக்கும்வரை காத்திருக்கிற பொறுமை இல்லை. ரொட்டிக்குக் குழைத்த மாவோடு இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி நான் அவருக்குப் பின்னால் ஓடினேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு எனக்குப் பின்னால் ஓடி வந்தாள்.

கீழே கார் தரிப்பிடத்தில், பக்கத்து வாசல் ஹெயிட்டிக்காரரின் கார்க் கூரையில், சாம்பல் நிற நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. மொன்றியலில் எங்கள் லாசால் பகுதிக்கு ஆறு பக்கத்தில் என்பதால் நாரை புதிதல்ல. ஆனால் அது ஆற்றில் நிற்கும், காரில் நிற்பதில்லை. வேலைக்குப் புறப்பட்டு வந்த அந்த மனிதர் கார்த் திறப்பும் கையுமாக அசையாமல் நின்றார். அசைய முடியாது, அக்கா அவருடைய சட்டைக் கையைப் பிடித்திருந்தார். “ரகார்தே, ரகார்தே” என்று மூச்சுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். பிரெஞ்சில் பாருங்கள் என்று அர்த்தம். நாரை தன் பாட்டில் கழுத்தை நீட்டி, எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பறந்தது. அந்த மனிதர் வேலைக்குப் பிந்திப் போனார். ஆனால் அன்றிலிருந்து படிக்கட்டில் கண்டால் எனக்குக் கையை நாரைக் கழுத்து மாதிரி வளைத்துக் காட்டிச் சிரிப்பார்.

அக்காவிடம் இருந்த பிரெஞ்சு மூன்று சொல். பொன்ஜூர், ரகார்தே, மெர்சி. “இவ்வளவும் காணும் தம்பி. வணக்கம் சொல்லு, காட்டு, நன்றி சொல்லிப்போட்டு வா. மனுசருக்கு வேறை என்ன கதை இருக்கு?”

பெயரை எழுதப் போவதில்லை. எழுதி வாசித்துக் காட்டினாலும் அவர் பெயரைக் கவனிக்க மாட்டார். “நல்லாயிருக்கு, வேறை ஆருக்குக் காட்டினனீர்?” என்றுதான் கேட்பார். ஐம்பத்தைந்து, அறுபதுக்குள் வயது. குட்டையான உருவம். பனிக்காலத்திலும் கோட்டின் சிப்பைப் பூட்டாமல் திரிவார். பூட்டித் திறக்கிற நேரத்தில் ஏதாவது தப்பிப் போய்விடுமாம். நல்லதொன்றைத் தனியாகப் பார்ப்பது அவருக்கு ஒரு வருத்தம் மாதிரி. “தனியப் பாத்தால் அரைவாசிதான் தெரியும்” என்பார். மற்ற அரைவாசி பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தில் இருக்கிறதாம்.

அவருடைய கணவர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவர், தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். அமைதியான மனிதர். அக்கா “அங்கை பாருங்கோ!” என்றால், “முதல் வாகனம் நிக்கட்டும்” என்பார். வீட்டில் கதிரையில் இருக்கும்போதும் அதையேதான் சொல்வார். “இவருக்குக் கண் இருக்கு. கழுத்துத்தான் திரும்பாது” என்று அக்கா அவரை வைத்துக்கொண்டே எங்களுக்குச் சொல்வார். அண்ணை மறுத்ததில்லை.

அக்கா கார்டெரி ஒன்றில், அதுதான் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், சமையல் வேலை செய்தார். முதல் பனி விழுந்த ஒரு நாள், அடுப்பில் சூப்பை விட்டுவிட்டுப் பிள்ளைகளையெல்லாம் யன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சூப் அடிப்பிடித்தது. மேலாளர் பெண் கோபத்தோடு வந்து பார்த்தால், அல்ஜீரியப் பிள்ளை, வியட்நாம் பிள்ளை, கியூபெக் பிள்ளை எல்லாம் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு “இஞ்சை பார்! இஞ்சை பார்!” என்று கத்திக்கொண்டு நின்றனவாம். தாய் தகப்பன்மார் வந்து “இஞ்சை பார்” என்றால் என்ன, பிள்ளை குளிக்கும்போதும் சொல்கிறானே என்று கேட்டார்கள். மேலாளர் கடைசியில் என்ன செய்தாரென்றால், அக்காவின் சமையல் நேரத்தைக் காலைக்கு மாற்றி, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகிற பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிட்டார்.

எல்லா இடத்திலும் இப்படிச் சுகமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஒருமுறை மரண வீடு. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கணவர், வயது போகாத மனிதர், திடீரென்று போய்விட்டார். இறுதிச்சடங்கு மண்டபத்தில் சனம் நிறைந்திருக்க, அந்தப் பெண் பெட்டிக்குப் பக்கத்தில் அழுதழுது ஓய்ந்துபோய் இருந்தாள். அக்கா யன்னல் பக்கம் நின்றவர், நேரே அவளிடம் போய், “பிள்ளை, ஒருக்கா என்னோடை வா” என்று கையைப் பிடித்து எழுப்பினார். யன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரம். மற்ற மரமெல்லாம் பச்சையாக இருக்க அது மட்டும் முழுதாகச் சிவந்து நின்றது. “பார்” என்றார் அக்கா. அவ்வளவுதான்.

மண்டபம் முழுக்கக் குசுகுசுப்பு. “உந்த மனிசிக்கு இடம் பொருள் தெரியாதோ?” என்று ஒருவர் எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். என் மனைவி வீட்டுக்கு வந்து அக்காவை நன்றாகவே ஏசினாள். அந்தப் பெண் யன்னலில் எவ்வளவு நேரம் நின்றாள், திரும்பும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் அவள் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த மரம் சிவந்துவிட்டதா என்று கேட்டாள் என்பது மட்டும் தெரியும்.

இப்படிப்பட்ட ஒருவரை ரொறன்ரோ கேட்டது.

மகன் அங்கே ஸ்காபரோப் பக்கம் வீடு வாங்கியிருந்தான். மருமகளுக்கு இரண்டாவது பிள்ளை வரப்போகிறது. கீழ்த் தளத்தில் குசினியோடு ஒரு வீடு, தாய் தகப்பனுக்கு என்று. அவர்கள் வராவிட்டால் அதை வாடகைக்கு விடவேண்டும். ஆட்கள் வந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். “சனிக்கிழமை மத்தியானம் போன் எடுப்பன், அம்மா. ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை” என்று மகன் சொல்லிவிட்டான். அண்ணை, “நீர் சொல்லுறதுதான்” என்று கையை விரித்துவிட்டார்.

மொன்றியல் தமிழருக்கு இது பழகின கதை. பிள்ளைகள் படித்து முடிய ரொறன்ரோ போவார்கள், பின்னால் பெற்றார் போவார்கள், வாசல் மணியில் வேறு பெயர் ஒட்டப்படும். ஆனால் அக்கா மட்டும் முடிவெடுக்க முடியாமல் ஆடிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு மேசையில் தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டு சொன்னார்:

“அங்கை சனம் இருக்கு, பிள்ளை, பாக்க ஒண்டும் இல்லை. இஞ்சை பாக்கிறதுக்கு எவ்வளவோ இருக்கு, சனம் இல்லை. நான் என்ன செய்ய?”

“நாங்கள் சனம் இல்லையோ?” என்றாள் என் மனைவி.

“நீங்கள் ரெண்டு பேர். ரெண்டு பேரை எத்தினை தரமெண்டு கூப்பிடுறது? உங்களுக்கும் கை வலிக்கும், கதவுக்கும் வலிக்கும்.”

அன்றிரவு நானும் மனைவியும் ஒரு சதி செய்தோம். நான் பாண், அதுதான் பிரெட், செய்கிற கொம்பனி ஒன்றுக்கு வான் ஓட்டுகிறவன். கிழமை நாளில் ஆற்றைத் தாண்டி, அமெரிக்க எல்லைப் பக்கமாக இருக்கிற சின்ன ஊர்களுக்கெல்லாம் பாண் கொண்டுபோய்ப் போடுவேன். டன்ஹம், ஃப்ரெலிஸ்பேர்க், நோல்ற்றன். ஒவ்வொன்றும் ஒரு தெரு, ஒரு வெள்ளைத் தேவாலயம், ஒரு பாலம். நடுவில் மேடும் பள்ளமுமாக முந்திரிகைத் தோட்டங்கள். எங்கள் பக்கத்தில் திராட்சையை முந்திரிகை என்றுதான் சொல்வோம். அக்கா அந்தப் பக்கம் போனதே இல்லை. மகன் தொலைபேசி எடுக்கிற சனிக்கிழமை அன்றே அவரை அங்கே கூட்டிக்கொண்டு போவது. இதை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவராகவே நினைக்கவைப்பது. இதுதான் எங்கள் சதி. ஒரு தோட்டத்தில் வைன் சுவைத்துப் பார்க்க நால்வருக்கு இடமும் பதிந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை என்ன வெயில்! இலை பழுக்கத் தொடங்குகிற காலத்து வெயில், சூடு இல்லாத, வெளிச்சம் மட்டும் உள்ள வெயில். எல்லாரும் குளித்து முழுகி, சாப்பாட்டுப் பெட்டிகளோடு வானில் ஏறினோம். அண்ணை விடியவே கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, நெற்றியில் திருநீறோடு முன் சீற்றில் இருந்தார். பாலத்தில் ஏறி, ஆறு இரண்டு பக்கமும் மினுங்க, அக்கா “பாருங்கோ, பாருங்கோ” என்று தொடங்கியபோதுதான் என் மனைவி கேட்டாள்:

“அக்கா, என்ன சாப்பாடு கட்டினனீங்கள்?”

“புளிச்சாதமும் வடையும். இண்டைக்குப் புரட்டாசிச் சனியெல்லோ.”

“நானும் சைவந்தான் கட்டினனான்… அப்ப வைன்?”

விரதம் எல்லாருக்கும் நினைவிருந்தது. வைனும் எல்லாருக்கும் நினைவிருந்தது. இரண்டும் ஒரே நாளில் வருகிறது என்பதைத்தான் நான்கு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. புரட்டாசிச் சனியன்று, எள்ளெண்ணெய் எரித்த கையோடு, வைன் குடிக்கப் புறப்பட்ட தமிழர்கள் நாங்கள்தான்.

“நான் முந்திரிகை பாக்கப் போறமெண்டுதான் நினைச்சனான்” என்று நழுவினார் அண்ணை. “ஏழரைச் சனி நடக்குது எனக்கு. என்னை இறக்கிவிடுங்கோ.”

“பாலத்திலையோ?” என்றார் அக்கா. “சும்மா இருங்கோ. ஆர் குடிக்கப் போறது? பாக்கப் போறம். பாக்கிறதுக்கு விரதம் இருக்கே?”

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் அக்கா எழும்பி நிற்காத குறை. பூசணிக்காய் வயலைக் கண்டார், “தம்பி, செம்மஞ்சள் கல்லை ஆரோ விதைச்சு விட்டிருக்கினம்!” என்றார். ஒரு குதிரை வேலியில் கழுத்தைச் சொறிவதைக் கண்டார். ஒரு வளைவில் ஆளில்லாத கடை ஒன்று வந்தது: மர மேசை, மேலே ஆப்பிள் பைகள், காசு போட ஒரு தகரப் பெட்டி. வேறு ஒன்றும் இல்லை. அக்காவுக்கு அது பெரிய அதிசயம். காசைப் போட்டார், பையை எடுத்தார், ஆனால் வானில் ஏற மறுத்துவிட்டார்.

“ஆருக்கு நன்றி சொல்லுறது?”

“அக்கா, அது அப்பிடித்தான். ஆள் வராது.”

“ஆள் இல்லாமல் ஆப்பிள் வந்ததே?”

அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய்விட்டார். நாங்கள் வானில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, சற்று நேரத்தில் காற்சட்டை முழுக்கச் சேறு படிந்த ஒரு கிழவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, அவருடைய மேசையை அவருக்கே காட்டினார். வெயில் விழுந்த ஆப்பிள்கள் மேசையில் விளக்குக் கொளுத்தினது மாதிரி இருந்தன. அந்தக் கிழவர் தலையைச் சரித்துப் பார்த்தார். உள்ளே போய் இன்னொரு பை கொண்டு வந்து அக்காவின் கையில் வைத்தார்.

“முதல் வாகனம் நிக்கட்டும் எண்டு சொல்லுவன்” என்றார் அண்ணை எனக்கு மட்டும் கேட்க. “இனி வாகனம் போகட்டும் எண்டுதான் சொல்லவேணும்.”

ஃப்ரெலிஸ்பேர்க்கில் பாலத்தடியில் நிறுத்தினேன். கல்லுக்கு மேலால் ஆறு சரிந்து விழுகிற இடம். ஒரு பழைய ஆலை, ஒரு சின்ன வெதுப்பகம், படிகளில் இருந்து கோப்பி குடிக்கிற சைக்கிள்காரர்கள். நான் பாண் போடுகிற கடைக்காரப் பெண் என்னைச் சனிக்கிழமையில் கண்டதும், சீருடை இல்லாமல் அடையாளம் தெரியாமல், பிறகு கண்டு கையை ஆட்டினாள். என் மனைவி என் காதுக்குள், “வேலை செய்யுது” என்றாள். அவள் சொன்னது எங்கள் சதியை. அக்காவின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ரொறன்ரோ என்ற சொல்லைக் காலையிலிருந்து ஒருதரம்கூட அவர் சொல்லவில்லை.

மதியத்துக்கு முன் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சரிவு முழுக்க முந்திரிகை வரிசைகள், குருவி கொத்தாமல் வலை போட்டு. சரளைக் கல் முற்றம், மரப் பீப்பாக்கள், கொட்டகை, இருக்க மர வாங்குகள். தொப்பி போட்ட ஒரு இளம்பெண் எங்களைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய், நான்கு கிளாஸ்களில் வெள்ளை வைனை ஊற்றி வைத்துவிட்டு எதிரே நின்றாள். நாங்கள் நால்வரும் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பரீட்சைத் தாள் மாதிரி இருந்தது.

அக்காதான் எடுத்தார். யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். “ஐயோ, தம்பி, உதைப் பிடியும், சரியும், பாரும்! வைக்கோல் நிறமெல்லோ!” எல்லாரும் பிடித்தோம், சரித்தோம். பிறகு அக்கா மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். “பச்சை ஆப்பிள் மணம். பிள்ளை, மணந்து பார்.”

அண்ணை கிளாஸைக் கீழே வைத்தார். “மணக்கிறதும் அரைவாசிக் குடிதான்.”

“இஞ்சருங்கோ, போன சனிக்கிழமை பக்கத்து வீட்டிலை மீன் பொரிச்சவை. அப்ப நீங்கள் விரதம் முறிச்சனீங்களோ?”

அண்ணை நெற்றித் திருநீறைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கிளாஸை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, நன்றாக இழுத்து மணந்தார். அவர் முகத்தில் அப்படியொரு அமைதியை நான் முன்பு கண்டதில்லை.

அந்தப் பெண், ஏன் ஒருவரும் குடிக்கவில்லை, பிடிக்கவில்லையா என்று கேட்டாள். பாண் விற்கிற பிரெஞ்சில் நான் சொன்னேன்: இன்றைக்கு எங்கள் கடவுள் ஒருவருடைய நாள், அவர் கொஞ்சம் கண்டிப்பானவர், நாங்கள் நாளைப் பார்க்காமல் பதிந்துவிட்டோம். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கொட்டகைக்குப் பின்பக்கம் திரும்பி, “பாப்பா!” என்று கூப்பிட்டாள். அவளுடைய தகப்பன் வந்தார், பெரிய உருவம், நகமெல்லாம் மண். விசயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார். தானும் ஈஸ்டருக்கு முந்தின கிழமைகளில் ஒரு துளி குடிப்பதில்லையாம். அந்தக் கிழமைகளிலும் வைன் வேலை நடக்கத்தானே வேண்டும், மூக்காலேயே செய்வாராம். “வாருங்கள், குடிக்காதவர்களுக்குத் தோட்டம்” என்று எங்களைச் சரிவுக்குக் கூட்டிப்போனார்.

வலையைத் தூக்கிக் கறுத்தக் குலைகளைக் காட்டினார். பனிக்காலத்தில் இந்தக் கொடிகள் சாகாமல் இருப்பதற்கு அடியில் மண்ணை இழுத்து மூடிவிடுவதாகவும், வசந்தத்தில் திரும்பவும் மண்ணை விலக்குவதாகவும் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்ல, அக்கா நின்ற இடத்தில் நின்றுவிட்டார்.

“போர்த்துப் படுக்க வைக்கிறவையோ? உந்தச் சரிவு முழுக்கவோ? ஒவ்வொரு வருசமுமோ?” சுற்றிப் பார்த்தார். எங்கள் மூன்று பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்து முடிந்துவிட்டது. இன்னும் முகங்கள் தேடுவது மாதிரி வரிசையின் மறுமுனைவரை கண்ணை ஓட்டினார். அப்போது அதை நான் வேறு மாதிரி விளங்கிக்கொண்டேன். மனிசி கரைந்துவிட்டார், இனிப் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

முற்றத்து வாங்குகளில் சாப்பாட்டை விரித்தோம். பக்கத்து மேசையில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு கூட்டம், எல்லாம் கறுத்தத் தோல் சட்டை, நரைத்த தாடி, புயத்தில் மண்டையோட்டுப் படம் பச்சை குத்தியிருந்தார்கள். அக்கா வடைப் பெட்டியோடு போய், “பொன்ஜூர்” என்றார். ஒருவர் எடுத்தார், பிறகு எல்லாரும் எடுத்தார்கள். பச்சை மிளகாய் கடித்தவருக்குக் கண்ணால் தண்ணீர் வர, மற்றவர்கள் அவருடைய முதுகில் தட்டிச் சிரித்தார்கள். அக்கா அவருக்குத் தயிர் கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. வானத்தில் முகில் கூடி, பள்ளத்தாக்கு முழுக்க நிழலாகியிருந்தது. தூரத்து மலைப் பக்கம் முகில் விலக, வெயில் ஒரு துண்டாக அங்கே விழுந்தது. விழுந்த துண்டு நிற்கவில்லை. எங்கள் பக்கமாக நகரத் தொடங்கியது. ஒரு களஞ்சியத்தின் சிவப்புக் கூரை பற்றிக்கொண்டது, பிறகு ஒரு தேவாலயக் கூம்பு, பிறகு பூசணி வயல், பிறகு முந்திரிகை வரிசைகள், ஒன்று, அதற்கடுத்தது, அதற்கடுத்தது.

அக்கா வாங்கின் மேல் ஏறிவிட்டார். “வெயில் நடந்து வருது! எல்லாரும் பாருங்கோ! ரகார்தே! ரகார்தே!”

தோல் சட்டைக்காரர்கள் எழும்பினார்கள். தொப்பிக்காரப் பெண் கையில் கிளாஸ்களோடு வெளியே வந்தாள். தகப்பன் வரிசைக்குள் நிமிர்ந்தார். கைத்தொலைபேசியில் குனிந்திருந்த ஒரு இளஞ்சோடி தலையைத் தூக்கியது. முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் சரிவில் ஏறி, சரளைக் கல்லில் ஊர்ந்து, மேசைகளுக்கு வந்து, எங்கள் புளிச்சாதத்தில் விழுந்தது. யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினோம், வெயிலுக்கு. அண்ணையின் கழுத்து முழுதாகத் திரும்பியிருந்தது.

அக்கா வாங்கில் நின்றபடியே வெயிலைப் பார்க்காமல், பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. கைப்பையில் தொலைபேசி அடித்தது.

மகன். என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். இனி என்ன, வென்றாயிற்று என்ற கிள்ளு.

அக்கா வாங்கை விட்டு இறங்கித் தொலைபேசியைக் காதில் வைத்தார். “ஓம் மகன்… ஓமோம், சாப்பிட்டம்… அப்பா நல்லாயிருக்கிறார், மணந்துகொண்டு திரியிறார்… முடிவோ?” எங்களைப் பார்த்தார். “ஓம். வாறம். வீட்டை ஒருத்தருக்கும் குடுத்திடாதை.”

என் மனைவியின் கை என் முழங்கையிலேயே நின்றுவிட்டது. அக்கா தொலைபேசியை வைத்ததும் அவள்தான் கேட்டாள்: “அக்கா, இவ்வளத்தையும் பாத்த பிறகோ?”

“பாத்தபடியாத்தான் பிள்ளை.” அக்கா அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். “உதைப் பார். இவ்வளவும் சும்மா கிடக்குது. எங்கடை ஆக்கள் எண்டு நாலு பேர் பாத்தம். அங்கை ஸ்காபரோவிலை எவ்வளவு சனம்! வேலை, வீடு, கலியாண மண்டபம், திரும்ப வேலை. மண்ணைப் போர்த்துக் கொடியைப் படுக்க வைக்கிற இடம் ஒண்டு இருக்கெண்டு அதுகளுக்கு ஆர் சொன்னது? இஞ்சை இருந்து கூப்பிட்டால் ஆருக்குக் கேக்கும்? பக்கத்திலை போய் நிண்டு, கையைப் பிடிச்சு இழுத்தால்தான் அதுகள் வருங்கள்.”

“அப்ப நாங்கள்?” என்றேன்.

“நீங்கள் இஞ்சை நிக்கவேணும் தம்பி. எப்ப காய் கறுக்குது, எப்ப இலை சிவக்குது எண்டு பாத்து எனக்குச் சொல்லவேணுமெல்லோ? நாள் பாக்காமல் கூட்டிக்கொண்டு வரக்கூடாது. இண்டையைப் போலை ஆக்களை மணக்கவிட்டிட்டு நிக்கேலாது.”

அண்ணை சிரித்தார். என் மனைவி அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்தாள். எனக்குக் கோபம் வந்தது, உண்மையாகவே வந்தது. இந்தப் பள்ளத்தாக்கைத் தேடிப் பிடித்து, நாள் குறித்து, வண்டி ஓட்டிக் கொண்டுவந்து காட்டியவன் நான். காட்டியதே அவரை அனுப்பிவைத்துவிட்டது. ஆனால் அக்கா அதற்குள் என் கையைத் தட்டிவிட்டு எழும்பியிருந்தார்.

தோட்டத்துப் பெரியவரிடம் போனார். இரண்டு கையையும் விரிக்கக்கூடிய அளவுக்கு விரித்து, “பஸ்” என்றார். பிறகு அதற்கு மேலும் விரிக்க முடியாமல், என்னைத் திரும்பிப் பார்த்து, “தம்பி, சொல்லும், ஸ்காபரோவிலையிருந்து பெரிய பஸ், நிறையச் சனம் பிடிக்கிறது” என்றார். நான் சொன்னேன். பெரியவர் வாசலைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். உள்ளே வரும், திரும்பி வெளியே போகுமோ தெரியாது என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கும்வரை அக்கா காத்திருக்கவில்லை. சரளைக் கல்லில் கறகறவென்று நடந்து வாசலுக்குப் போனார். தெருப் பக்கம் முகத்தை வைத்து, ஒரு கையைத் தூக்கி, வராத ஒரு பஸ்ஸைக் கூப்பிட்டார். “வரட்டும், வரட்டும்… ஸ்டியரிங்கை இஞ்சாலை ஒடியும்… காணும், இனி மற்றப் பக்கம்…” பின்னுக்குப் பின்னுக்கு நடந்து, பீப்பாக்களைத் தாண்டி, மோட்டார் சைக்கிள்கள் நிற்கிற இடத்துக்கு வந்ததும் நின்று, முகத்தைச் சுளித்து அவற்றைப் பார்த்தார். பஸ்ஸின் பின்பக்கம் இடித்துவிடும் போலிருந்தது. தயிர் வாங்கிக் குடித்த தாடிக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் எழும்பிப் போய், தன் மோட்டார் சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளினார்.

அக்கா அவருக்குத் தலையை ஆட்டிவிட்டு, பஸ்ஸை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தார்.